வீட்டு ரவுட்டரில் ஐபி முகவரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது, கேபிளைத் தவறான துளையில் செருகுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை எல்லோரும் சொல்லியாயிற்று. ரவுட்டரின் அமைப்புகளை முதன்முதலாகத் திறப்பவர்கள் மறுபடி மறுபடி சிக்கிக்கொள்கிற இடங்கள் சில உண்டு. நானும் ஒரு காலத்தில் சிக்கிய இடங்கள்தான்.

டிஹெச்சிபி வழங்கும் எண்களுக்குள் கையால் முகவரி எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டரில் உள்ள டிஹெச்சிபி என்னும் வசதி ஓர் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் எண்ணை, குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கிறது. அப்படிக் கொடுக்கும் எண்களுக்கு ஓர் எல்லை உண்டு. 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை என்று வைத்துக்கொள்வோம். கேமராவின் முகவரி மாறிக்கொண்டே இருக்கிறதே என்று ஒருவர், கேமராவுக்குள்ளேயே 192.168.1.105 என்று எழுதிவிடுகிறார். ரவுட்டருக்கு இந்தச் சங்கதி தெரியாது. அதன் கணக்கில் 105 காலி.

உடனே கெட்டுப்போனாலாவது காரணம் புரியும். கெடாது. வேறு எந்தக் கருவிக்கும் 105 போகாதவரை எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பும்; கேமரா இயங்கத் தொடங்குவதற்குள் ஒரு கைபேசி முந்திக்கொண்டு 105-ஐ வாங்கிவிடும். பிறகு கேமராவும் அதே எண்ணுடன் வந்து நிற்கும்.

என் உறவினர் வீட்டில் நடந்தது இதுதான். மாலையானால் கேமராப் படம் வரும், போகும். பழியை முதலில் வைஃபை மீது போட்டார்கள். பிறகு கேமரா பழுது என்று முடிவுசெய்து புதியது வாங்கினார்கள். அதற்கும் அதே 105-ஐ எழுதினார்கள்! எந்த ஐபி முகவரி எந்தக் கருவியிடம் இருக்கிறது என்று காட்டும் ஏஆர்பி பட்டியலை மடிக்கணினியில் திறந்து பார்த்தேன். 105-க்கு நேரே ஒரு மேக் முகவரி (கருவியின் வைஃபை பாகத்துக்கு உரிய அடையாள எண்) இருந்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அதே 105-க்கு வேறொரு மேக் முகவரி. இரண்டாவது, வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் மகனின் கைபேசி. நன்றாக இருந்த கேமரா அதற்குள் குப்பைக்குப் போய்விட்டது.

செய்ய வேண்டியது: கேமராவைத் தானியங்கி முறையிலேயே விட்டு, ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் அதன் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்குங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், எல்லைக்கு வெளியே 2 முதல் 99 வரையுள்ள எண்களில் ஒன்றைக் கையால் எழுதுங்கள். கைபேசிக்கு ஒதுக்குவதானால் ஒரு கவனம் தேவை: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கிக் கைபேசிகள் தம் உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாக வேறொன்றைக் காட்டுகின்றன. அந்த வைஃபையில் எது தெரிகிறதோ அதற்குத்தான் ஒதுக்க வேண்டும்.

பழைய ரவுட்டரை அப்படியே இணைப்பது

சிக்னல் எட்டாத அறைக்காகப் புதிய ரவுட்டரிலிருந்து வரும் கேபிளைப் பழைய ரவுட்டரின் லேன் துளையில் (வீட்டுக் கருவிகளை இணைக்கும் துளை) செருகிவிடுகிறார்கள். இப்போது வீட்டில் இரண்டு டிஹெச்சிபி. யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்களிடம் கருவி முகவரி வாங்கும். பழையதிடம் வாங்கியவருக்கு வைஃபை இருக்கும், இணையம் இருக்காது. இணைப்பதற்கு முன்பே பழையதில் டிஹெச்சிபியை நிறுத்தி, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றிவிடுங்கள்.

இஷ்டத்துக்கு எண் பொறுக்குவது

வீட்டுக்குள் பயன்படுத்த 1996-இல் வரையறுத்தவை மூன்றே தொகுதிகள்: 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168. பக்கத்து எண்தானே என்று 192.169 வைத்தால், வெளியே அந்த முகவரிகளில் இருக்கும் சர்வர்களை உங்கள் வீட்டிலிருந்து எட்டவே முடியாது. வீட்டிலிருந்தே அலுவலக வலையமைப்புடன் இணைக்கும் விபிஎன் பயன்படுத்துபவர்கள் 192.168.1-ஐ விட்டு 192.168.47 போன்ற ஒன்றுக்கு மாறுவது நல்லது. இரு பக்கமும் ஒரே எண்கள் இருந்தால், எதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று கணினி குழம்பும்.

மாற்றிய பின் பழைய முகவரியில் தேடுவது

ரவுட்டரின் சொந்த முகவரியை மாற்றியதும் அமைப்புப் பக்கம் பழைய முகவரியில் திறக்காது. அதற்காக ரீசெட் பொத்தானைத் தொடாதீர்கள். வைஃபையைத் துண்டித்து மீண்டும் இணைத்து, புதிய முகவரியில் திறங்கள்.

169.254 என்று வந்தால் அதைத் திருத்துவது

டிஹெச்சிபியிடமிருந்து பதில் வராததால் கருவி தனக்குத் தானே வைத்துக்கொண்ட எண் அது. ரவுட்டரைப் போய்ப் பாருங்கள்.