'கேளிர்' எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் அழைப்பிதழ், மேடைப் பதாகை, கேடயம் எல்லாம் அச்சுக்குப் போகும் முன் தமிழைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. புதிதாக வருகிற பிள்ளைகள் ஒற்றுப்பிழைகளை நன்றாகவே பிடிக்கிறார்கள். உறவைச் சொல்லும் ஒரு பழைய சொல்லில்தான், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழியில் விழுகிறார்கள்.

கேளீர் என்று நீட்டுவது

"யாதும் ஊரே யாவரும் கேளிர்", புறநானூறு 192. பாடிய கணியன் பூங்குன்றனாரின் ஊர் திருப்பத்தூர் பக்கத்து மகிபாலன்பட்டி என்பார்கள். இங்கிருந்து ஒரு பஸ் தூரம். நாமே 'கேளீர்' என்று எழுதினால் எரிச்சல் வராதா?

கேள் என்றால் உறவு, நட்பு. 'இர்' சேர்ந்தால் பன்மை: மகளிர், பெண்டிர் போலக் கேளிர். 'ஈர்' சேர்ந்தால் வாரீர், காணீர் போல ஏவல். எல்லாரும் சொந்தம் என்றவரை, "எல்லாரும் கவனியுங்கள்" என்று மைக்கில் கூவ வைத்துவிடுகிறோம். ஓசையும் காட்டிக்கொடுக்காது, யாப்பில் இரண்டும் தேமா என்ற ஒரே சீர்தான்.

ஒரு பழைய மாணவர் சந்திப்பு. முந்தின நாள் பார்த்துச் சொன்னதும் பதாகையை மறுபடி அடித்துவிட்டார்கள். கேடயங்களில் எழுத்து வெட்டி முடித்தாயிற்று. "ஒரு சுழிதானே சார், யார் பார்க்கப் போறா?" என்றார் ஏற்பாட்டாளர். முதல் கேடயம் ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு. வாங்கினார், படித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தனை தகடுகளையும் மாற்றிய செலவு வசூல் பணத்தில் போனது.

சந்தேகம் வந்தால் குறுந்தொகை 40 இருக்கிறது: "எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்". என் அப்பாவும் உன் அப்பாவும் எந்த முறையில் சொந்தம்? அங்கே 'கேளீர்' போட்டுப் பாருங்கள், வாக்கியமே நிற்காது.

கேன்மை

நட்பைக் குறிக்கும் சொல் கேண்மை. உள்+மை உண்மை ஆவது போல, கேள்+மை கேண்மை.

கேள்வன்

கேள்வி கேட்பவன் இல்லை, கணவன். திருமகள் கேள்வன் என்றால் நம் அழகர்.

காதோடு முடிச்சுப் போடுவது

"காது கொடுத்துக் கேட்பவரே கேளிர்" என்றால் பட்டிமன்றத்தில் கைதட்டல் கிடைக்கும். சரி, ஆனால் அது சொற்பிறப்பு ஆகாது. வள்ளுவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து விளையாடியிருக்கிறார்: "கேளிழுக்கம் கேளாக் கெழுதகைமை" (808). முதலில் வருவது நண்பன், அடுத்தது செவி. நண்பனின் குறையை யார் வந்து சொன்னாலும் காதில் வாங்காத உரிமை அது. இதற்கு உரை எழுதும்போது முதல் 'கேள்' மேல் மட்டும் கேட்டலை ஏற்றிவிடாதீர்கள்.