ஊமைக்காயத்துக்கு எண்ணெய் எப்போது, ஐஸ் எப்போது

பாசி பிடித்த படிக்கட்டு, மழை பெய்த ரப்பர் விளைச் சரிவு, வள்ளத்தின் விளிம்பு, பைக்கின் ஸ்டாண்ட் என்று குமரி மாவட்டத்தில் அடிபட வழிக்குப் பஞ்சமில்லை. அடிபட்டதும் வீட்டில் முதலில் தேடுவது எண்ணெய்க் குப்பியை. முறிவெண்ணெயோ காய்ச்சிய நல்லெண்ணெயோ எதுவானாலும் எண்ணெய்மேல் குற்றமில்லை. முதல் நாளே சூடாக ஊற்றி அழுத்தித் தடவுவதுதான் தப்பு.

தோல் கிழியாமல் அடிபடும்போது உள்ளே சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் உடைந்து சதைக்குள் ரத்தம் கசிகிறது. குழாய் சுருங்கி, அதன் வாயில் ரத்தம் உறைந்து அடைத்தால்தான் கசிவு நிற்கும். சூடு குழாயை விரிக்கும். தடவல் அந்த அடைப்பைப் பெயர்த்துவிடும். எலுமிச்சை அளவில் நிற்க வேண்டிய வீக்கம் மறுநாள் காலையில் தேங்காய் அளவாவது இதனால்தான். தொடையிலோ முழங்கையிலோ பலமாக அடிபட்டு, அதையே போட்டு உழிந்தால் சில வாரத்தில் சதைக்குள் எலும்பு போலக் கெட்டிப்பட்டுப் போவதும் உண்டு. ஆகவே முதல் மூன்று நாள் தடவல், வெந்நீர் ஒத்தடம், சாராயம் குடிப்பது மூன்றும் வேண்டாம்.

முதல் வேலை, விரலில் மோதிரமோ கையில் வளையலோ காலில் கொலுசோ கிடந்தால் உடனே கழற்றுவது. வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

அடுத்து ஐஸ். நொறுக்கிய ஐஸை ஒரு கவரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டினால் அடிபட்ட இடத்தின் வளைவுக்கு ஏற்றபடி படியும். அதை நனைத்துப் பிழிந்த மெல்லிய துவர்த்தில் (துண்டில்) சுற்றி 15 நிமிடம் வைக்கலாம், 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். விழித்திருக்கும்போது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, முதல் இரண்டு நாள் இப்படி வைத்தால் போதும். ஐஸ் வலியை நன்றாகக் குறைக்கும், வீக்கத்தை ஓரளவுதான். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். கடற்கரை ஊர்களில் மீன் பெட்டியிலிருந்து ஐஸ் அள்ளி வைப்பதைப் பார்க்கலாம். உப்பு கலந்த ஐஸ் சாதாரண ஐஸைவிடக் குளிர்ச்சி கூடியது, தோலை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். சிராய்ப்பும் இருந்தால் மீன் கழிவு சேர்ந்து சீழ் பிடிக்கும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு ஐஸே வேண்டாம், சுடுவது தெரியாது.

பிறகு கிரேப் பேண்டேஜ் என்ற, இழுத்தால் நீளும் கட்டுத்துணி. கைக்கும் கணுக்காலுக்கும் 4 அங்குலம், முட்டுக்கும் தொடைக்கும் 6 அங்குலம். கணுக்காலானால் பாதத்தைச் செங்கோணத்தில் நிறுத்தி, விரல்களுக்குப் பின்னிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். துணியை அதன் முழு இழுவைக்கு இழுக்காமல் பாதி இழுவையில் சுற்றுங்கள். கீழே இறுக்கமும் மேலே போகப் போகத் தளர்வும் இருந்தால்தான் நீர் மேலேறும். மேலே இறுக்கிவிட்டால் விரல்கள் பலூனாகும். கட்டி முடித்ததும் கால் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலும், விரல் மரத்தாலும் குளிர்ந்தாலும் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். தூங்கும்போது கட்டு வேண்டாம்.

படுத்துக்கொண்டு, அடிபட்ட காலை இரண்டு தலையணைமேல், நெஞ்சுக்கு மேலான உயரத்தில் வைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் கால் நீட்டுவதை உயர்த்தியதாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

வலிக்கு பாராசிட்டமால் 500 மி.கி. போதும். பெரியவர்களுக்கு ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு 6 மாத்திரைக்குள். ஈரலில் கோளாறு உள்ளவர்களும் தினம் குடிப்பவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். வலிக்கு ஆஸ்பிரின் கூடாது, ரத்தம் உறைவதைத் தடுக்கும். மெடிக்கலில் சட்டென்று எடுத்துத் தரும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே வேண்டாம்.

கன்றிய இடம் முதலில் சிவப்பு, பிறகு நீலம், ஒரு வாரத்தில் பச்சை, அப்புறம் மஞ்சள் என்று மாறி இரண்டு வாரத்தில் மறையும். ரத்தத்தின் நிறப்பொருளை உடல் சிதைத்து அப்புறப்படுத்துவதன் நிறங்கள் அவை. முட்டில் அடிபட்டு நாலு நாள் கழித்துக் கணுக்கால் நீலமானால் பயப்பட வேண்டாம், ரத்தம் கீழே இறங்கியிருக்கிறது.

மூன்று நாள் கழிந்து, வீக்கம் நின்று, தொட்டால் சூடு இல்லை என்றால் எண்ணெய்க் குப்பியை எடுக்கலாம். பொறுக்கக்கூடிய சூட்டில் ஒத்தடம், மெதுவாகத் தடவல், மூட்டை ஆட்டிப் பழக்குதல் எல்லாம் அப்போது நல்லது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவதானால் சிராய்ப்பு மேல் போடாதீர்கள், சுண்ணாம்பு தோலை அரித்துவிடும். அடிபட்டதற்கு நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போவதற்குத் தடையில்லை. ஆனால் எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்காமல் இழுக்கிறவரிடமும், விரல் கறுக்கும் அளவுக்குப் பத்தை (மூங்கில் பட்டை) வைத்து இறுக்குகிறவரிடமும் காலைக் கொடுக்காதீர்கள். இறுகிய கட்டால் கை கால் அழுகி, எடுக்க வேண்டிய நிலை வரும்.

நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை, கணுக்காலில் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறது, மூட்டு கோணலாகத் தெரிகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுங்கள். கெண்டைக்காலோ முன்கையோ கல் மாதிரி இறுகி, விரலை நீட்டினாலே தாங்க முடியாத வலி வந்தால் கட்டை அவிழ்த்துவிட்டு, காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் அப்போதே கிளம்புங்கள். சில மணி நேரம் தாமதித்தாலே சதை செத்துவிடும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவிலும் அவசரப் பிரிவு உண்டு.

தலையில் அடி என்றால் கணக்கு வேறு. நெற்றிப் புடைப்பை உள்ளங்கையால் அமுக்கித் தேய்க்கக் கூடாது. மறுநாள் கண்ணிமை வீங்குவது ரத்தம் இறங்குவதால் இருக்கலாம். கண்ணில் அடிபடாமலே இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தாலோ, காதுக்குப் பின்னால் கன்றினாலோ, மூக்கு காது வழியே தெளிந்த நீர் வந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறல், எழுப்ப முடியாத தூக்கம் இருந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வார்ஃபரின், குளோபிடோகிரெல் போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தலையில் அடிபட்டால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்காமல், அந்த மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.