வார நாள் இரவுச் சமையல்: அவசரத்தில் தவறும் வரிசை

மாலை ஏழரை மணிக்கு மின்சார ரயிலை விட்டு இறங்கி, வழியில் ஒரு கட்டுக் கீரையும் கால் கிலோ தக்காளியும் வாங்கிக்கொண்டு, எட்டரைக்குள் தட்டு வைத்துவிட வேண்டும் என்ற கணக்கோடு அடுப்படிக்குள் நுழைபவர்கள் சென்னையில் ஏராளம். அவர்கள் தேடுவது விருந்து அல்ல. குழைந்த பருப்புச் சோறு, சூடான மிளகு ரசம், மத்தால் கடைந்த கீரை, நெய் மணக்கும் வெண்பொங்கல் என்று வயிறும் மனமும் ஒருசேர அடங்கும் சாப்பாடுதான். அது சரியாக வராத நாளில் நேரம் போதவில்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பல ஆண்டுகள் இதே கணக்கில் சமைத்துப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது வேறு: பெரும்பாலான நாட்களில் குறைவது நேரமன்று, தவறுவது வரிசை. முன்னால் சேர வேண்டியது பின்னாலும், கடைசியில் சேர வேண்டியது முதலிலும் போய்விடுகிறது. அதைச் சரிக்கட்ட மேலும் அரை மணி நேரம் வீணாகிறது.

இதற்கு முதல் எடுத்துக்காட்டு சாம்பார். வேலையைக் குறைப்பதாக எண்ணித் துவரம்பருப்பு, காய், புளிக்கரைசல், சாம்பார்ப்பொடி, உப்பு எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு மூடுபவர்கள் உண்டு. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பருப்பின் செல் சுவர்களையும் காயின் செல் சுவர்களையும் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள், அமிலம் கலந்த நீரில் எளிதில் கரைவதில்லை. அது கரைந்தால்தான் பருப்பு மசியும், உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் மென்மையாகும். அதனால் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு நறநறவென்றே நிற்கும். பருப்பைத் தனியாக வேகவைத்து மசித்துக்கொண்டு, காயை வெறும் தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டு, அதன் பிறகு புளிக்கரைசலை ஊற்றிப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, கடைசியில் பருப்பைச் சேர்ப்பதே முறை. வெண்டைக்காய்க்கு மட்டும் இந்த விதி தலைகீழாகப் பொருந்தும்: அதை எண்ணெயில் வதக்கியவுடன் புளி சேர்த்தால் வழவழப்புக் குறையும், காயும் குழையாமல் முழுதாக நிற்கும்.

புளியே சேர்க்காமலும் பருப்பு வேகவில்லை என்றால் தண்ணீரைப் பாருங்கள். பள்ளிக்கரணைப் பக்கம் குடிபோன புதிதில், பழைய பருப்பை விற்றுவிட்டார் என்று மளிகைக் கடைக்காரரை நான் மாதக்கணக்கில் மனத்துக்குள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அது பழைய பருப்பும் அல்ல, அவர் மீது தவறும் இல்லை. அந்தக் குடியிருப்பின் குழாயில் வந்தது ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினோடு சேர்ந்து அதை மேலும் இறுக்கிவிடுகின்றன. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "பருப்புக்கு மட்டும் கேன் தண்ணி ஊத்தும்மா" என்று சொன்ன அன்றைக்கே பருப்பு வெண்ணெயாக மசிந்தது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய குடியிருப்புகள் பலவற்றில் இன்றும் இதே நிலைதான். பருப்பு ஊறும் தண்ணீரும் வேகும் தண்ணீரும் கேன் தண்ணீராகவோ குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீராகவோ இருந்தால் போதும்; காய் கழுவ எந்தத் தண்ணீரும் ஆகும். சிலர் இதற்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவார்கள். பருப்பு விரைவில் வேகும் என்பது உண்மைதான். ஆனால் காரத்தன்மையில் தயமின் என்ற பி1 வைட்டமின் அழிகிறது, சுவையிலும் ஒரு சோப்பு வாடை தங்குகிறது. வீட்டுக்குள் நுழைந்தவுடன், முகம் கழுவுவதற்கும் முன்னால், பருப்பைக் களைந்து வெந்நீரில் ஊறப்போடுவது அதைவிட நல்ல வழி. இருபது நிமிடம் ஊறினாலே வித்தியாசம் தெரியும்.

குக்கரிலும் அவசரம் தவறான இடத்தில்தான் வேலை செய்கிறது. கடல் மட்டத்தில் இருக்கும் சென்னையில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. குக்கரின் முழு அழுத்தத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 120 டிகிரிக்குப் போகிறது. முழு அழுத்தம் வந்தபின் தீயை எவ்வளவு கூட்டினாலும் அந்த 120 கூடுவதில்லை. நீராவி வேகமாக வெளியேறி, விசில் எண்ணிக்கை மட்டுமே கூடுகிறது. ஆகவே 'ஆறு விசில்' என்பது ஒரு அளவே அல்ல. பெரிய தீயில் அது சில நிமிடங்களில் முடிந்துவிடும், சிறிய தீயில் கால் மணி நேரம் ஆகும். முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்துவிட்டு, நிமிடத்தைக் கணக்கிடுவதுதான் சரி. பருப்பு நுரைத்துப் பொங்கி நீராவித் துளையை அடைக்கக்கூடியது என்பதால், குக்கரில் அதைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை குறையும். அடுப்பை அணைத்தவுடன் கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். பருப்புத் தண்ணீர் கூரை வரை பீறிடும், கையும் முகமும் வெந்து போகும் ஆபத்து உண்டு. அதோடு, அழுத்தம் தானே அடங்கும் அந்தப் பத்து நிமிடங்களிலும் பருப்பு உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கிறது. புளி கரைக்கவும் வெங்காயம் உரிக்கவும் உரிய நேரம் அதுவே.

தாளிப்பு இரண்டு நிமிட வேலை. அன்றைய சாப்பாட்டின் மணம் பெரும்பகுதி அங்கேதான் தீர்மானமாகிறது என்பதால் இதில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். எண்ணெய் காய்வதற்கு முன் கடுகைப் போட்டால் அது வெடிக்காமல் ஊறிக் கசக்கும். கடுகு படபடவென்று வெடித்து அடங்கும் தறுவாயில்தான் உளுத்தம்பருப்பு, அது பொன்னிறமாகும்போது காய்ந்த மிளகாய், அதன்பின் பெருங்காயம், இறுதியில் ஈரம் துடைத்த கறிவேப்பிலை என்று போக வேண்டும். வெந்தயம் போடுவதானால் அது சிவக்கும்வரைதான் நறுமணம். கறுத்துவிட்டால் குழம்பு முழுவதும் கசப்பு இறங்கிவிடும், வெல்லம் போட்டாலும் அது மறையாது. கருகிய தாளிப்பைக் குழம்பில் கொட்டாமல், கீழே கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளியுங்கள். ஒரு கரண்டி எண்ணெய் போனால் போகட்டும். பெருங்காயத்தின் கடுமையான வாடை சூடான எண்ணெயில் பொரிந்தால்தான் இனிய மணமாக மாறும், ஆகவே அதைக் கொதிக்கும் குழம்பில் நேரடியாகத் தூவுவது வீண். மிளகாய்த்தூளையும் மஞ்சள்தூளையும் காய்ந்த எண்ணெயில் தனியே போட்டால் நொடியில் கருகும். வெங்காயமோ தக்காளியோ வதங்கி ஈரம் இருக்கும்போது அவற்றைச் சேர்க்க வேண்டும்.

ரசத்தைக் கொதிக்கவிடுவதுதான் அதற்குச் செய்யும் பெரிய கேடு. புளியும் தக்காளியும் முதலில் நன்றாகக் கொதிக்கட்டும்; பச்சை வாசனை போக அது தேவை. ஆனால் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுப் பருப்புத் தண்ணீர் விட்டு விளாவிய பிறகு, விளிம்பில் நுரை கூடிப் பொங்கி வரும் அந்தக் கணத்திலேயே இறக்கிவிட வேண்டும். மிளகின் மணமும் சீரகத்தின் மணமும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களால் ஆனவை. அடுக்களை முழுக்க ரசம் மணக்கிறது என்றால், அந்த அளவு மணம் பாத்திரத்தை விட்டுப் போய்விட்டது என்று பொருள். எலுமிச்சை ரசமானால், அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் பிழியுங்கள். கொதியில் பிழிந்தால் கசக்கும்.

மோர்க்குழம்பும் இப்படித்தான். தயிரைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கொதிக்கும் பாத்திரத்தில் ஊற்றினால், புரதம் திரிந்து தண்ணீர் வேறு, திப்பி வேறாகப் பிரியும். தயிரைக் கட்டியில்லாமல் கடைந்து, ஊறவைத்த துவரம்பருப்பும் சிறிது அரிசியும் தேங்காயோடு அரைத்த விழுதை அதில் கலந்து, சிறு தீயில் நுரை கட்டும்வரை மட்டும் சூடாக்க வேண்டும். அரிசியின் மாவுச்சத்து தயிர் திரிவதைத் தடுக்கும்.

கீரையை நறுக்கிய பின் கழுவினால் நீரில் கரையும் சத்துகள் கழுவு நீரோடு போய்விடும். முதலில் அலசி, பிறகு நறுக்குங்கள். வேகும்போது மூடியைத் திறந்தே வையுங்கள். கீரையிலிருந்து எழும் அமிலங்கள் ஆவியோடு வெளியேறாமல் உள்ளேயே தங்கினால், பச்சையத்தில் உள்ள மக்னீசியம் இடம்பெயர்ந்து கீரை பழுப்பேறும். புளி சேர்த்துக் கடைவதானால் அதையும் கடைசியில் சேர்ப்பதே நிறத்துக்கு நல்லது. பொரியலைப் பற்றிச் சொல்ல ஒன்றே உண்டு: அகலமான வாணலி. சிறிய வாணலியில் அரைக்கிலோ காயைக் குவித்தால் அது வதங்காது, தன் நீரிலேயே அவிந்து சவசவவென்றாகும்.

களைத்து வந்த நாளுக்கு வெண்பொங்கலைப்போல் இதமான உணவு வேறில்லை என்பது என் எண்ணம். ஒரு பங்கு பச்சரிசிக்கு அரைப் பங்கு பாசிப்பருப்பு, ஆறு பங்கு தண்ணீர் என்பது நான் கைக்கொள்ளும் அளவு. இறக்கும்போது 'கொஞ்சம் நீர்த்திருக்கிறதே' என்று தோன்றினால்தான் அது சரியான பதம். தட்டுக்கு வருவதற்குள் மாவுச்சத்து இறுகிக் கெட்டியாகிவிடும். இறுகிய பொங்கலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கிளறுவது தவறு, வெந்நீரோ சூடான பாலோதான் ஊற்ற வேண்டும். சாம்பார் சாதத்துக்கும் இது பொருந்தும். சோறும் குழம்பும் இரண்டும் சூடாக இருக்கும்போது கலந்தால்தான் குழம்பு சோற்றுக்குள் இறங்கும். ஆறிய சோற்றில் சாம்பாரை ஊற்றிக் கிளறினால் சோறு தனி, சாம்பார் தனியாகவே நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமையே வாரத்துக்கெல்லாம் சமைத்து டப்பாக்களில் அடுக்கிவிடலாம் என்ற திட்டம் பலரிடம் இருக்கிறது. திட்டம் நல்லது, எதைச் சமைத்து வைப்பது என்பதில்தான் பிழை. புளியும் எண்ணெயும் மிகுந்தவை வைக்க வைக்கச் சுவை கூடும். நல்லெண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை சுண்டிய வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல், பூண்டுத் தொக்கு ஆகியவை குளிர்சாதனப் பெட்டியில் அந்த வாரம் முழுவதும் துணை நிற்கும். மீன் குழம்பு மறுநாள் ருசி என்பது காசிமேட்டு மீன் வாங்கும் எந்த வீட்டுக்கும் தெரியும். வத்தக்குழம்பு சுண்டப் பொறுமையின்றி அரிசிமாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குபவர்கள், அது மூன்றாம் நாள் பசைபோல் ஆவதைக் கண்டிருப்பார்கள். மறுபுறம் கீரை, ரசம், கூட்டு, தேங்காய் அரைத்துவிட்ட எதுவும் காத்திருக்காது. அவற்றுக்கான பாதி வேலையை மட்டும் முன்பே முடிக்கலாம்: துருவிய தேங்காயைச் சிறு பொட்டலங்களாக உறையவைப்பது, பூண்டு உரித்து வைப்பது, கெட்டியாகக் கரைத்த புளியைக் கொதிக்கவைத்து ஆறியபின் புட்டியில் எடுத்துவைப்பது.

மாவு விஷயத்தில் நகரத்தின் வெப்பத்தை மறக்கக்கூடாது. மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும் இட்லி மாவு, கத்திரி வெயில் நாளில் ஆறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். 'இரவெல்லாம் இருக்கட்டும்' என்று விட்டால் காலையில் புளித்துப் போயிருக்கும். பொங்கியவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். தோசை வார்ப்பதற்கு அரை மணி முன்பு அன்றைக்குத் தேவையான மாவை மட்டும் வெளியே எடுங்கள். சில்லென்ற மாவு கல்லின் சூட்டை உடனே இறக்கிவிடுவதால் தோசை ஒட்டும். அடைக்கு அரிசியும் பருப்பும் காலையில் ஊறப்போட்டுவிட்டு அலுவலகம் போகிறவர்களுக்கும் இதுவே சொல்ல வேண்டியது. பத்து மணி நேரம் அடுக்களைச் சூட்டில் ஊறிய பருப்பில் ஒரு வாடை வந்துவிடுகிறது, அரைத்தாலும் அது போவதில்லை. ஊறும் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனால் மாலையில் அரைக்கப் பதமாக இருக்கும்.

மிச்சமான சோற்றில் செய்யும் தவறு வயிற்றைக் கெடுக்கக்கூடியது என்பதால் அதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதிநிலையிலும் அழிவதில்லை. சமைத்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே இருந்தால் அவை முளைத்துப் பெருகி, நச்சை உண்டாக்கும். அந்த நச்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் போகாது. எட்டரைக்குச் சாப்பிட்டு, பதினொரு மணிக்குப் பாத்திரம் ஒழிக்கும்போது சோற்றை எடுத்துவைப்பது தாமதம். சாப்பிட்டு எழுந்தவுடன் அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, சமைத்து முடித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். நீர் ஊற்றிப் புளிக்கவைக்கும் பழைய சோறு தனி முறை. அதைக் காட்டிச் சாம்பார் சாதத்தையும் தேங்காய்ச் சாதத்தையும் இரவெல்லாம் வெளியே வைக்கக்கூடாது.

தயிர்ச்சாதத்துக்குச் சோறு சூடாக இருக்கும்போதே மசித்துப் பால் ஊற்றுங்கள். தயிரைச் சோறு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பின்பே சேருங்கள். ஆவி பறக்கும் சோற்றில் தயிர் திரிந்து பொடிப்பொடியாகும். மறுநாள் மதியத்துக்கு டப்பாவில் கட்டுவதானால் இரவிலேயே கலந்து வெளியே வைக்காமல், குளிர்ந்த சோற்றைக் காலையில் சூடான பாலில் நன்றாகக் காய்ச்சி மசித்து, ஆறியதும் ஒரே ஒரு தேக்கரண்டித் தயிர் விட்டுக் கலந்தால் போதும். சாப்பாட்டு வேளைக்குள் அது புளிப்பேறாமல் பதமாக உறைந்திருக்கும்.