உங்கள் பேப்பருக்குப் படியளப்பது யார்? அடிஸ்கேல் வைத்துக் கண்டுபிடிக்கலாம்

‘எந்தப் பேப்பர் நடுநிலை, எதை வாங்கலாம்?’ என்று கேட்கிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் பெயர் எதுவும் சொல்வதில்லை. வீட்டில் வாங்குகிற பேப்பரையே ஒரு வாரத்துக்குச் சேர்த்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஓர் அடிஸ்கேலோடு உட்காருங்கள் என்கிறேன். சிரிக்கிறார்கள். ஆனால் ஒரு பத்திரிகை யாருக்குப் பயப்படும் என்று தெரிந்துகொள்ள, அதன் தலையங்கத்தைப் படிப்பதைவிட விளம்பரத்தை அளப்பது சுலபம். ஒரு மாவட்டப் பதிப்பின் விளம்பரப் பிரிவில் நாலு வருடம் குப்பை கொட்டியதில் வந்த பழக்கம் இது.

அளக்கும் முன் ஒன்று. பேப்பருக்கு நாம் தருகிற காசு, ஏஜென்ட் கமிஷன் போக, பல சமயம் காகிதச் செலவுக்கே காணாது. மிச்சத்தை யாரோ தருகிறார்கள். அதனால் ‘பணம் வாங்குகிறார்களா’ என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை, வாங்காமல் எப்படி நடத்துவது. யார் நிறுத்தினால் அடுத்த மாதச் சம்பளம் நிற்கும் என்று கேளுங்கள். நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் தருகிற இடத்தில் ஒருத்தர் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஒரே ஆள் பாதிக்கு மேல் தருகிற இடத்தில் அவர் போன் செய்து மிரட்டக்கூட வேண்டாம், இவர்களே முன்கூட்டி யோசித்துக்கொள்வார்கள்.

சரி, ஸ்கேலை எடுங்கள். பேப்பரில் இடம் சதுர சென்டிமீட்டர் கணக்கில்தான் விற்கப்படுகிறது. முழுப்பக்க விளம்பரம் என்றால் அகலம் 33, உயரம் 52 என்று வரும், ஏறக்குறைய 1,700 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு விளம்பரத்தையும் அளந்து, ஒரு நோட்டில் நாலைந்து தலைப்புகளில் எழுதிக்கொண்டே வாருங்கள்: அரசு, கட்சிக்காரர்கள், பெரிய வியாபாரிகள், சில்லறை, அப்புறம் அதே குழுமத்தின் சொந்த விளம்பரங்கள். கடைசித் தலைப்பில் வருவதற்குப் பணம் கிடையாது, பக்கத்தை நிரப்பப் போட்டது. அது நிறைய இருந்தால் கை கடிக்கிறது என்று அர்த்தம்.

அரசு விளம்பரத்தை அடையாளம் காண்பது எளிது. ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓர் எண் இருக்கும். மத்திய அரசு என்றால் முன்பு டிஏவிபி என்று தொடங்கும் (மத்திய அரசின் விளம்பரங்களைக் கொடுக்கும் அமைப்பு அது), அந்த அமைப்பு பெயர் மாறிய பிறகு சிபிசி என்று. தமிழ்நாடு அரசு என்றால் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் சுருக்கப் பெயரும் எண்ணும் ஆண்டும். முதல்வர் படம் போட்ட முழுப்பக்கத்தை யாரும் பார்த்துவிடுவார்கள். உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் டெண்டர் விளம்பரத்தை விட்டுவிடாதீர்கள். சின்ன நாளிதழ்களுக்கு உண்மையான கஞ்சித்தண்ணி அதுதான். இன்ன நகராட்சி, இன்ன வாய்க்கால், இத்தனை லட்சம் மதிப்பீடு என்று வருமே, அது.

அந்தக் குழாயை மூடினால் என்ன ஆகும் என்பதற்குக் காஷ்மீரைப் பார்க்கலாம். அங்கே பெரிய தனியார் நிறுவனங்கள் குறைவு, பத்திரிகைகளுக்கு அரசு விளம்பரம்தான் ஆதாரம். 2019 பிப்ரவரியில் கிரேட்டர் காஷ்மீர், காஷ்மீர் ரீடர் என்ற இரண்டு நாளிதழ்களுக்கு அரசு விளம்பரம் நின்றது. மார்ச் 10 அன்று அங்குள்ள பல நாளிதழ்கள் முதல் பக்கத்தை வெள்ளையாகவே விட்டு அச்சடித்தன. தணிக்கை அதிகாரி தேவைப்படவில்லை, பில் பாஸ் ஆகாமல் இருந்தாலே போதும். அரசு இப்படிப் பொருளாதார வழியில் கழுத்தை நெரிப்பது புதிதும் இல்லை. பத்திரிகைக் காகிதத்துக்குக் கட்டுப்பாடும் வரியும் போட்ட விவகாரங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. 1972ல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவை வெளியிடும் பென்னட் கோல்மன் கம்பெனியின் வழக்கு, 1984ல் இந்தியன் எக்ஸ்பிரஸ் வழக்கு. காகிதத்தில் கை வைப்பது கருத்துச் சுதந்திரத்தில் கை வைப்பதுதான் என்ற வாதத்துக்கு அங்கே மதிப்புக் கிடைத்தது. விளம்பரத்தை நிறுத்தினால் அப்படி வாதாடுவது கஷ்டம். தருவதும் தராததும் எங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட முடியும்.

அரசு எவ்வளவு தருகிறது என்று ஸ்கேல் சொல்லாத கணக்கும் உங்களுக்கு வேண்டும் என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்கள். ‘விளம்பரச் செலவு எவ்வளவு’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். எந்த நிதியாண்டு, எந்த நாளிதழ், எத்தனை ரூபாய் என்று நாளிதழ்வாரியாகப் பட்டியல் கேளுங்கள்.

பெரிய வியாபாரிகள் கணக்கு வேறு மாதிரி. நகைக்கடை, ஜவுளிக்கடை, மனைப்பிரிவு, பொறியியல் கல்லூரி, மருத்துவமனை. இவர்கள் அரசியல் செய்தியில் தலையிட மாட்டார்கள், ஆனால் தங்களைப் பற்றி ஒரு வரி வரக்கூடாது. நான் வேலை பார்த்த ஊரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோய் உறவினர்கள் மறியல் செய்தார்கள். நிருபர் படத்தோடு செய்தி கொடுத்துவிட்டார். ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் மேலாளர் பக்க வடிவமைப்பாளர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, அந்த மருத்துவமனை வருடம் முழுக்கப் போடுகிற விளம்பரத்துக்கான ஒப்பந்தத் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் செய்தி வந்தது. ‘தனியார் மருத்துவமனையில் பெண் சாவு: உறவினர்கள் மறியல்’, நாலு வரி, படம் இல்லை, பெயர் இல்லை. அன்றிலிருந்து எந்தப் பேப்பரில் ‘பிரபல தனியார் மருத்துவமனை’ என்று படித்தாலும் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும். உங்கள் ஊர்ப் பேப்பரில் பெயர் போடாத ‘தனியார் கல்லூரி’, ‘தனியார் நிறுவனம்’ எத்தனை என்று எண்ணிப்பாருங்கள், அதே வாரத்து விளம்பரப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். (அவதூறு வழக்குக்குப் பயந்து பெயர் போடாமல் விடுவதும் உண்டு, எல்லாவற்றையும் பணத்தின் தலையில் கட்டிவிட வேண்டாம்.)

மாவட்டச் செய்தி என்றால் இன்னொன்றும் இருக்கிறது. பல ஊர்களில் பகுதிநேர நிருபருக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, விளம்பரக் கமிஷன்தான் வருமானம். தீபாவளி மலருக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் ஒன்றியச் செயலாளரிடமும் பள்ளித் தாளாளரிடமும் போய் நிற்பவரும், அவர்களைப் பற்றிச் செய்தி எழுத வேண்டியவரும் ஒரே ஆள். நிருபரைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சில்லறைத் தலைப்பைப் பாருங்கள். வரி விளம்பரம், மணமகள் தேவை, வீடு வாடகைக்கு, கண்ணீர் அஞ்சலி. ஒரு பத்திரிகைக்கு இதைவிட நல்ல பணம் கிடையாது என்பது என் கட்சி. அப்பாவின் நினைவு நாளுக்கு விளம்பரம் கொடுக்க வருகிறவர் பேப்பரிடம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று, பெயரில் எழுத்துப்பிழை வரக்கூடாது. வரி விளம்பரம் நிறைய இருந்தவரை பத்திரிகைக்கு முதுகெலும்பு கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது. மணமகள் தேடுகிறவர் மேட்ரிமோனி தளத்துக்கும் பழைய பைக் விற்கிறவர் ஓஎல்எக்ஸுக்கும் போன பிறகு மிச்சமிருப்பது அரசும் ஏழெட்டுப் பெருவியாபாரிகளும். நோட்டில் கூட்டிப் பாருங்கள், இந்தத் தலைப்பு எவ்வளவு சிறுத்திருக்கிறதோ அவ்வளவு கவலைப்படலாம்.

அடுத்தது உரிமையாளர். கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர் இருக்கும். அது போதாது. பத்திரிகைப் பதிவுக்கான பழைய 1867 சட்டத்தின் கீழ், ஆண்டுதோறும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் ‘படிவம் 4’ என்று ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் பெயரெல்லாம் அதில் வரும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023ல் போட்ட புதுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. நூலகத்தில் பழைய மார்ச் இதழ்க் கட்டைப் பிரித்தால் அந்தப் படிவம் கிடைக்கும். பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் வேலை இன்னும் சுலபம். பிஎஸ்இ தளத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்கு விவரம் வரும், சன் டிவி நெட்வொர்க்கில் 75 சதவீதம் கலாநிதி மாறனிடம் இருப்பதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பட்டியலிடாத கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி ஆவணங்களைப் பார்க்கலாம்.

அதில் பங்கைவிடக் கடனைக் கவனியுங்கள் என்பேன். டெல்லிச் செய்தி சேனல் என்டிடிவியின் கதையே அதுதான். அதன் நிறுவனர்கள் பிரணாய் ராயும் ராதிகா ராயும் 2009, 2010ல் தங்கள் ஆர்ஆர்பிஆர் என்ற கம்பெனி மூலம் விஷ்வபிரதான் என்ற, வெளியே யாருக்கும் தெரியாத ஒரு கம்பெனியிடம் 403.85 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வாங்கினார்கள். கடனைப் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமையும் பத்திரத்தில் இருந்தது. பன்னிரண்டு வருடம் அது சும்மா கிடந்தது. 2022 ஆகஸ்டில் அதானி குழுமம் அந்த விஷ்வபிரதானை வாங்கி, உரிமையைப் பயன்படுத்தி, நிறுவனர்களைக் கேட்காமலே 29.18 சதவீதத்துக்கு வழி செய்துகொண்டது. அப்புறம் சந்தையில் கொஞ்சம், நிறுவனர்களிடமே கொஞ்சம் வாங்கி, டிசம்பர் கடைசியில் 64.71 சதவீதம். அந்தச் சேனலின் பிரபல இந்திச் செய்தியாளர் ரவீஷ் குமார் நவம்பர் 30 அன்றே ராஜினாமா செய்துவிட்டார். டிவியில் தெரியும் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது 2022ல் திடீரென்று நடந்தது. கடன் பத்திரத்தைப் பார்த்தவருக்கு 2009லேயே பாதி தெரிந்திருக்கும்.

தமிழ்ச் சேனல்கள் விஷயத்தில் இவ்வளவு துப்பறிய வேண்டியதில்லை, நமக்கே தெரியும். ஜெயா 1999, மக்கள் 2006, கலைஞர் 2007, கேப்டன் 2010, நியூஸ் ஜெ 2018, ஒவ்வொன்றுக்கும் பின்னால் எந்தக் கட்சி என்று டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். கட்சி சேனல் எனக்குப் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை, கொடி வெளியே தெரிகிறது, கழித்துக்கொண்டு பார்க்கலாம். தொழிலதிபரோ கல்வி நிறுவனக்காரரோ நடத்துகிற ‘பொது’ சேனல்தான் கஷ்டம். செய்தி சேனல்களில் பெரும்பாலானவை இலவச சேனல்கள், சந்தா வருமானம் இல்லை, விளம்பரத்தில் மட்டும் ஓட்ட வேண்டும், நஷ்டம். அப்படியும் ஒருவர் வருடக்கணக்கில் நடத்துகிறார் என்றால், அவருடைய மற்றத் தொழில்கள் என்ன, அவற்றுக்கு எந்த அரசின் அனுமதி தேவை என்று பட்டியல் போடுங்கள். அந்தத் துறைகளின் செய்தியில் சத்தம் எப்போது குறைகிறது என்று கேளுங்கள்.

செய்தி போல வேஷம் போட்ட விளம்பரத்துக்கு ஒரு தனிக் கண் வேண்டும். 2009 மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலின்போது ஒன்றுக்கொன்று போட்டியான மராத்தி நாளிதழ்களில் ஒரே புகழ்ச்சிக் கட்டுரை எழுத்து மாறாமல் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் தி இந்துவில் அம்பலப்படுத்தினார். அந்தச் சமயத்தில் பத்திரிகைகளின் நெறிமுறையைக் கவனிக்கும் பிரஸ் கவுன்சில் இரண்டு பேர் குழு போட்டது. அந்தக் குழு பெயர்களோடு எழுதிய அறிக்கையை, கவுன்சிலே வெளியிடாமல் வைத்துக்கொண்டது. தகவல் ஆணையம் சொன்ன பிறகு 2011ல்தான் வந்தது. அதே ஆண்டு உத்தரப் பிரதேச எம்எல்ஏ ஒருவரை, இப்படிக் காசு கொடுத்துப் போட்ட செய்தியின் செலவைத் தேர்தல் கணக்கில் காட்டாததற்காகத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டு தகுதி நீக்கம் செய்தது. எப்படிக் கண்டுபிடிப்பது? எதிர்த்தரப்பு பற்றி ஒரு வரிகூட இருக்காது, நிருபர் பெயர் இருக்காது, எழுத்துரு சற்றே வித்தியாசப்படும், மூலையில் ‘விளம்பரம்’, ‘சிறப்புப் பகுதி’, ‘பார்ட்னர் கன்டென்ட்’ என்று எறும்பு எழுத்தில் இருந்தாலும் இருக்கும். அதிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்துத் தேடிப்பாருங்கள், இன்னொரு பேப்பரிலும் கிடைத்தால் முடிந்தது.

இணைய தளங்களுக்கும் யூடியூப் சேனல்களுக்கும் ஸ்கேல் பயன்படாது. ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்குப் போங்கள். நன்கொடை என்றால் யாருடையது, எவ்வளவு என்று போட்டிருக்கிறார்களா? நியூஸ்லாண்ட்ரி என்ற செய்தித் தளம் மாதிரி விளம்பரமே வேண்டாம், சந்தா போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். அதிலும் சிக்கல் உண்டு, சந்தாதாரருக்குப் பிடிக்காததை எழுதத் தயக்கம் வரும். யூடியூப்காரருக்கு எஜமானர் வியூஸ், தம்ப்நெயிலில் வாயைப் பிளந்த முகத்தைப் பார்த்தாலே தெரியும். வெளிநாட்டுப் பணத்துக்குச் சட்டமே கதவடைக்கிறது: டிஜிட்டல் செய்தியில் அந்நிய முதலீடு 26 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பிபிசி தமிழ் செய்திகளை 2024 ஏப்ரல் முதல் கலெக்டிவ் நியூஸ்ரூம் என்ற இந்தியக் கம்பெனி தயாரித்துத் தருவது இதனால்தான்.

கணக்கு முடிந்ததும் பேப்பரை நிறுத்த வேண்டியதில்லை. படியளப்பவர் வேறு வேறாக உள்ள இரண்டை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று அரசு விளம்பரத்தில் ஓடுவது என்றால் இன்னொன்று சந்தாவில் ஓடுவது, அந்த மாதிரி. ஒன்றில் காணாமல் போன செய்தி பெரும்பாலும் மற்றதில் இருக்கும். நோட்டைப் பத்திரமாக வையுங்கள். தேர்தல் முடிந்து ஆட்சி மாறினால், மாறாவிட்டாலும்கூட, ஆறு மாதம் கழித்து அதே பேப்பரை ஒரு வாரம் சேர்த்து அளந்து பாருங்கள். அரசுத் தலைப்பில் உள்ள எண் கூடியிருந்தால் அந்த ஆறு மாதத் தலையங்கங்களை ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள், குறைந்திருந்தாலும் படியுங்கள். அதற்குள் பழைய பேப்பர்காரர் வந்துவிடப் போகிறார், எடைக்குப் போடுவதற்கு முன் கட்டைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.