பனிப்புயல் ஓய்ந்த நாளில் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி ரொறன்ரோவின் சில பகுதிகளில் ஒரே நாளில் அரை மீற்றருக்கும் அதிகமான பனி கொட்டியது. டொன் வலி பார்க்வேயும் கார்டினர் விரைவுச்சாலையும் மூடப்பட்டன. பேருந்துகள் வழியிலேயே சிக்கி நின்றன. அத்தகைய நாளில் வேலைக்கும் பள்ளிக்கும் போகாமல் வீட்டில் தங்கிவிட்டவர்கள் தங்களுக்கு இனி ஆபத்தில்லை என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் உயிருக்கு உலை வைக்கும் தவறுகள் பல, காற்று அடங்கி வெயில் எட்டிப்பார்த்த பிறகு, நம் வீட்டு வாசலிலும் கராஜிலும்தான் நடக்கின்றன.

அவற்றுள் முதலாவது, எழுந்ததும் நேரே காரைத் தோண்டி எடுக்கப் போவது. அதற்கு முன்பு வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். இப்போதைய வீடுகளில் வெப்பமூட்டும் ஃபர்னஸுக்கு உரிய இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் பக்கச் சுவரிலிருந்து, பெரும்பாலும் முழங்கால் உயரத்தில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; ஒன்று காற்றை உள்ளிழுக்கிறது, மற்றொன்று எரிந்த வாயுவை வெளியே விடுகிறது. இரண்டு வீடுகளுக்கு இடையிலுள்ள ஒடுங்கிய சந்தில் காற்று பனியைக் குவித்து இந்தக் குழாய்களின் வாயை அடைத்துவிட்டால், ஃபர்னஸ் தானாக நின்று வீடு குளிர்ந்துபோகலாம். அதைவிட மோசமாக, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பி வரலாம். குழாயைச் சுற்றியுள்ள பனியைக் கையாலோ மென்மையான துடைப்பத்தாலோ அகற்ற வேண்டுமே தவிர, ஷவலால் குத்தக் கூடாது. எரிவாயு மீற்றருக்கும் இதுவே பொருந்தும். அதன்மேல் படிந்த பனிக்கட்டியைத் தட்டி உடைக்கப் போய் இணைப்பைச் சேதப்படுத்திவிடக் கூடாது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான வலிமையோடு ஒட்டிக்கொள்வதால், மூச்சுவிடுவதில் எந்தச் சிரமமும் தெரியாமலே உடல் ஒட்சிசனுக்குத் தவிக்கத் தொடங்கும். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, அசதி ஆகியவையே இதன் அறிகுறிகள் என்பதால் பலர் அதைத் தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். அப்படிப் படுப்பதுதான் மிகப் பெரிய தவறு. வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை இடித்து, வெளியே போனால் சற்றுத் தெளிவதாக இருந்தால், அனைவரும் உடனே வெளியேறி 911ஐ அழைக்க வேண்டும்.

2013 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாட்களுக்கு முன்பு, பனிக்கட்டி மழை பெய்து ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின்வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினார்கள். அந்த நாட்களில் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியும், கராஜில் ஜெனரேற்றர் ஓட்டியும் நச்சுவாயுவுக்கு ஆளானவர்கள் உண்டு. கராஜின் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்ற நம்பிக்கை தவறானது. ஜெனரேற்றர் யன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி வெளியே இருக்க வேண்டும். சமையல் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காயவும் கூடாது. காரைக் கிளப்புவதற்கு முன், புகைபோக்கி பனியில் புதைந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பிள்ளையைச் சூடான காருக்குள் உட்காரவைத்துவிட்டுப் பனி அள்ளும் பெற்றோர் இதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

அடுத்தது பனி அள்ளும் வேலை. 6 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு சாதாரண வாகனப் பாதையில் 25 செ.மீ. புதுப்பனி விழுந்தால், அது இலேசான பனியாக இருந்தாலும் ஏறத்தாழ 750 கிலோ வரும். ஈரப்பனி என்றால் அதைவிட மிக அதிகம். பனியகற்றும் வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் வரம்போ கல்லுக்குச் சமம். குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்க, மூச்சை அடக்கிக்கொண்டு கைகளால் பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. 1981 முதல் 2014 வரையான கியூபெக் தரவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று, கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பும் அதனால் நேரும் மரணமும் கூடுவதை 2017இல் எடுத்துக்காட்டியது. தெற்காசியர்களுக்கு இதயநோய் இளவயதிலேயே வருவதும், நீரிழிவு நம்மிடையே பரவலாக இருப்பதும் தெரிந்தவையே. ஆகவே ஐம்பதைத் தாண்டிய அப்பாவோ மாமாவோ, “பத்து நிமிச வேலைதானே” என்று வெறும் வயிற்றில் ஷவலோடு இறங்குவதை வீட்டார் தடுக்க வேண்டும் என்றே சொல்வேன். முழுப்பனியும் விழுந்து முடியும்வரை காத்திராமல், 10 செ.மீ. சேரும்போதே ஒருமுறை தள்ளிவிடுவது நல்லது. தூக்கி எறிவதைவிடத் தள்ளுவது மேல். நெஞ்சு இறுகினாலோ, தாடையிலும் இடக்கையிலும் வலி பரவினாலோ, மீதிப் பனியை அப்படியே விட்டுவிட்டு 911ஐ அழைக்க வேண்டும்.

அள்ளிய பனியைத் தெருவில் எறிவது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம். தீயணைப்பு நீர்க்குழாயின் மேல் குவிப்பது அயலவர் உயிரோடு விளையாடுவதாகும். சாதாரண உப்பு −10 பாகைக்குக் கீழே அநேகமாக வேலை செய்யாது. அந்தக் குளிரில் மேலும் மேலும் கொட்டுவதால் ஓடைநீர்தான் கெடும். மணல் தூவினால் கால் வழுக்காது.

பிள்ளைகள் விளையாடத்தான் வேண்டும். வீட்டுக்குள் பூட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தெருவோரப் பனிக்குவியலில் குகை தோண்ட விடக் கூடாது. பனியகற்றும் வண்டியின் சாரதிக்கு உள்ளே இருக்கும் பிள்ளை தெரியாது. கூரை இடிந்தால் பிள்ளையால் வெளியே வரவும் முடியாது. பின்முற்றமே ஏற்ற இடம். காற்றோடு சேர்ந்து −28 பாகையாக உணரப்படும் குளிரில், மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள் உறையக்கூடும். விரல்நுனி வெளுத்து மரத்துப்போனால் பனியால் தேய்ப்பதும் கொதிநீரில் வைப்பதும் தவறு. ஈரக் கையுறையைக் கழற்றி, இளஞ்சூடான நீரில் விரல்களை மெதுவாக அமிழ்த்த வேண்டும். அதன்பிறகும் உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.