இரண்டாம் நாளே "பால் இல்லை" என்று சொல்லாதீர்கள்

பிரசவ வார்டில் இரண்டாம் நாள் காலையில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "பாலே ஊறவில்லையே." சொல்லி வாய் மூடுவதற்குள் யாராவது பால் பவுடர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். மருத்துவர் சொன்னாலொழிய அதற்கு அவசரமே இல்லை.

பால் வேலை பிரசவத்துக்குப் பிறகு தொடங்குவதல்ல. கர்ப்பத்தின் முதல் வாரங்களிலேயே மார்பு கனத்து வலிக்கிறதே, அப்போதே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பால் குழாய்களைக் கிளைவிடச் செய்கிறது. புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் பால் சுரக்கும் நுண்பைகளை வளர்க்கிறது. ஐந்தாம் மாதவாக்கில் சீம்பால் ஊறத் தொடங்கிவிடும். அது பெருகாமல் அணை போட்டு வைத்திருப்பதும் அதே புரோஜெஸ்டிரோன்தான். நஞ்சுக்கொடி வெளியே வந்தபின் அதன் அளவு சரிகிறது, அணை திறக்கிறது. பால் பெருக இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். அதுவரை சுரக்கும் சீம்பால் கொஞ்சம்தான். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டியே குழந்தைக்குப் போதும்.

மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கிறது என்று அந்தச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த பால் அது. அதைக் கொட்டிவிட்டுச் சேனை வைக்கிறேன் என்று தேனைத் தொட்டு நாக்கில் தடவுகிறார்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமி சிசுவுக்கு ஆபத்து.

கர்ப்பத்தின்போதே பால் வருகிறதா என்று காம்பைப் பிதுக்கிப் பார்ப்பது இன்னொரு தவறு. என் தங்கைக்கு ஏழாம் மாதம் ரவிக்கையில் பொட்டுப் பொட்டாக மஞ்சள் கறை காய்ந்திருந்தது. அக்காவான எனக்குப் பிரசவம் வரை ஒரு துளி கசியவில்லை. இருவரும் நன்றாகவே பால் கொடுத்தோம். பிதுக்கினால் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கருப்பை இறுகலாம். குறைமாதப் பிரசவ அபாயம் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். மார்பின் அளவை வைத்துக் கணக்குப் போடுவதும் வீண். அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கொழுப்பு.

காம்பைச் சுற்றிய கருவட்டத்தில் கடுகு போன்ற புடைப்புகள் தோன்றும். அவற்றில் கசியும் எண்ணெய்ப் பசையே தோலைக் காக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், வெறும் தண்ணீர் போதும்.

தைராய்டு, சர்க்கரை நோய், மார்பில் முன்பு செய்த அறுவை சிகிச்சை ஆகியவற்றைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கட்டியோ இரத்தக் கசிவோ தெரிந்தால் உடனே காட்டுங்கள். குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, பால் குடிக்க எழாமல் சோர்ந்து தூங்கினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நான்காம் நாளும் பால் பெருகவில்லையென்றால், நஞ்சுக்கொடித் துண்டு ஏதும் கருப்பையில் தங்கிவிட்டதா என்றும் மருத்துவர் பார்ப்பார்.