மிச்சப்பட்ட கிளப்பு காசுல ஒருத்தரை சிகிச்சைக்கு கொண்டு சேக்குறது எப்படி

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கத்துல எங்க கிளப்புல திருவிழா முடிஞ்சு 38,000 ரூவா மிச்சங்க. போதைக்கு எதிரா ஏதாச்சும் பண்ணுவோம்னு சொல்லி பாதியை ஃப்ளெக்ஸுக்கும் டீசர்ட்டுக்கும் ஊர்வலத்துக்கும் ஊதியாச்சு, ஒரு ஆளு கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கல. மீதி பாதியை வண்டி வாடகைக்கும் சோத்துக்கும்னு மாத்துனோம், ஆறு பேரு போனாங்க. உங்க ஊர்லயும் கோயில் கமிட்டி, குடும்பஸ்ரீ பொம்பளைங்க குழு, ஆட்டோ ஸ்டாண்டுனு யார்கிட்டயாச்சும் கொஞ்சம் காசு இருந்தா இதைப் படிங்க.

முதல் வேலை, எதுக்கு செலவழிக்க மாட்டோம்னு நோட்டுல எழுதி எல்லாரும் கையெழுத்து போடுறது. சிரிக்காதீங்க, அமெரிக்காவுலயே இந்தக் கூத்து நடந்துருக்கு. 1998ல 46 மாகாணங்க கூட ஒப்பந்தம் போட்டு புகையால வந்த நோய்ச் செலவுக்குனு சிகரெட் கம்பெனிங்க கொடுத்த பணத்துல பெரும்பங்கு பட்ஜெட் ஓட்டையை அடைக்குறதுக்கும் மத்ததுக்கும் போயிருச்சு. அந்த சூடு பட்டதுனால, பின்னாடி ஆளுங்களை அடிமையாக்குன ஓபியாய்டு வலி மாத்திரை வழக்குல ஜான்சன் அண்ட் ஜான்சனும் மூணு பெரிய மருந்து விநியோக கம்பெனியும் 2,600 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டப்போ, குறைஞ்சது 85 சதவீதம் அந்தப் பிரச்சனையை சரி பண்ணத்தான் போகணும்னு எழுதியே வாங்கிட்டாங்க. நம்ம நோட்டுல ஃப்ளெக்ஸுக்கு பூஜ்யம், அவ்ளோதான்.

அடுத்தது போன். விமுக்தி நம்பர் 14405, கேரளா எக்சைஸ்காரங்க நடத்துற போதை மீட்புத் திட்டம் அது. மலையாளத்துல பேச தயங்குறவங்க டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி நம்பர் 14416க்கு அடிங்க, தமிழ்லயே பேசலாம். ஆளைக் கூட்டிட்டு கிளம்பறதுக்கு முன்னாடியே ஓபி என்னைக்கு, பெட் இருக்கா, பைஸ்டாண்டர், அதாவது கூட இருந்து பாத்துக்கற ஆளு, கட்டாயமானு மூணையும் கேட்டு எழுதி வச்சுக்கணும். பாலக்காடு ஜில்லாவுக்கான விமுக்தி சென்டர் அட்டப்பாடி கோட்டத்தரை ஆஸ்பத்திரில இருக்கு, நம்ம பக்கத்துல இருந்து வேலந்தாவளம் தாண்டி கோயமுத்தூர் போய் ஆனைகட்டி ஏறி மறுபடி கேரளாவுக்குள்ள நுழையணும். சிகிச்சை இலவசந்தான், ஆனா அங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு நாள் கூலி போயிரும்.

அதனால காசு போக வேண்டிய இடம் இதுதாங்க. எங்களோட வந்த முதல் ஆளு பஸ் ஸ்டாப்ல மஞ்சப்பையை மடில வச்சுட்டு உக்காந்திருந்தார், டீ கிளாஸைப் பிடிக்க முடியாம பாதி வேட்டில கொட்டிருச்சு, பஸ் வரதுக்குள்ள "நாளைக்குப் போலாமுங்க"னு மூணு தடவை சொல்லிட்டார். நாளைக்குனு விட்டா போச்சு. சரினு சொன்ன அன்னைக்கே வண்டி நிக்கணும், அதுக்கு ஒரு ஆட்டோக்காரர்கிட்ட முன்னாடியே பேசி வைங்க. அந்த முதல் ஆளோட சம்சாரம் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், "நான் கூட இருந்தா வீட்ல அடுப்பு எப்படிங்க எரியும்?" பைஸ்டாண்டரா இருக்குறவங்களுக்கு தினக்கூலியும் சாப்பாடும் கொடுத்துருங்க. எங்க கணக்குல பெரிய செலவே அதுதான்.

வீட்டுக்குள்ள பூட்டி வச்சு நிறுத்திரலாம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க. ரொம்ப நாளா நிறைய குடிச்சவங்க திடீர்னு விட்டா ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்து. சங்கிலி போடுறதை 2017 மனநல சட்டமே தடை பண்ணிருக்கு. சோத்துல ரகசியமா கலக்குற குடி மறக்கற பொடியும் வேண்டாம், உள்ள என்ன இருக்குனே தெரியாது. ஹெராயின், வலி மாத்திரை, ஊசினு இருக்குறவங்களுக்கு டாக்டர் நாக்குக்கு அடில வைக்கிற புப்ரினார்பின் மாத்திரை கொடுக்கலாம். அது போதைக்குப் போதைனு சும்மா சொல்றாங்க, நடுங்காம வேலைக்குப் போக வைக்கிற மருந்துங்க அது. கடைசியா எப்ப எடுத்தோம்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும், உடம்புல ஹெராயின் இருக்கையிலேயே அந்த மாத்திரை போட்டா நடுக்கமும் வலியும் தூக்கி அடிக்கும்.

போலீஸ் பயத்துல தயங்குறவங்களுக்கு போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவைச் சொல்லுங்க. போதை எடுத்ததுக்கோ கொஞ்சமா வச்சிருந்ததுக்கோ கேஸ் ஆனவங்க தானா முன்வந்து அரசோ அரசு அங்கீகரிச்ச இடமோ கொடுக்குற சிகிச்சையை எடுத்தா அந்தக் கேஸ்ல இருந்து விலக்கு உண்டு, பாதில ஓடிட்டா அதைப் பறிச்சுக்கலாம். பெருசா யாவாரம் பண்ணவங்களுக்கு இது உதவாது. ஏற்கனவே கேஸ் இருந்தா வக்கீலைப் பாத்துட்டு போங்க.

எல்லாக் காசையும் போறப்பவே செலவு பண்ணிராதீங்க, நாங்க முதல்ல பண்ண தப்பு அதுதான். ஊசி, ஹெராயின்னு இருந்தவங்க சிகிச்சை முடிஞ்சு வந்தா உடம்பு பழைய அளவைத் தாங்காது, பழைய டோஸையே மறுபடி போட்டா மூச்சு நின்னுரும், வீட்ல இருக்குறவங்களுக்கு இதை முதல் நாளே சொல்லிருங்க. அப்புறம் ஃபாலோ அப்புக்கு ஆறு மாசம் பஸ் காசு தனியா ஒரு கவர்ல போட்டு பேரு எழுதி வைங்க. எங்க கவரு ஆஷா சேச்சி வீட்டு அலமாரில இருக்கு, கமிட்டிக்காரங்க கைக்கு எட்டாது.